மூன்று பேர் குழுவுக்கு எது சரி: குபர்நெட்டிஸ், இசிஎஸ், கிளவுட் ரன், கமால்?

ஓடம் (இழையைத் தொடங்கியவர்):

எங்கள் குழுவில் மொத்தம் மூன்று பேர். ஜாங்கோவில் எழுதிய வலைச் செயலி ஒன்றை நடத்துகிறோம். அதோடு செலரியில் (வேலைகளை வரிசையில் வைத்து ஓட்டும் கருவி) ஓடும் பின்னணி வேலைகள், தினமும் இரவில் ஓடும் ஓர் அறிக்கை, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ரெடிஸ். எல்லாம் ஒரே மெய்நிகர் சர்வரில், கன்டெய்னர்களாக (செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொதிகளாக), டாக்கர் கம்போஸ் வழியாக ஓடுகின்றன. நான்கு வருடமாக இப்படித்தான். பெரிதாகக் குறை சொல்ல முடியாது.

இப்போது இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. புதிய பதிப்பை ஏற்றும்போதெல்லாம் தளம் அரை நிமிடம் நின்றுபோகிறது. போன மாதம் லாக் கோப்புகள் டிஸ்க்கை நிறைத்துவிட்டதால் இரண்டு மணி நேரம் எதுவுமே ஓடவில்லை. அன்று நான் பயணத்தில் இருந்தேன். மற்ற இருவருக்கும் சர்வருக்குள் நுழையும் சாவி கூட இல்லை.

தலைப்பில் உள்ள நான்கும் கன்டெய்னர்களை ஏற்றி ஓட்ட உதவுபவை. இரண்டு வாரமாக அவற்றின் ஒப்பீடுகளைப் படித்து வருகிறேன். எந்த அட்டவணையைப் பார்த்தாலும் எல்லாக் கட்டத்திலும் 'உண்டு' என்றுதான் இருக்கிறது. தானாகப் பெருகும், தானாக மீளும், பழைய பதிப்புக்குத் திரும்பலாம்: எல்லாரிடமும் எல்லாமும் இருக்கிறது. எனக்கு வேண்டியது அது இல்லை. ஒரு வருடமாவது ஓட்டிப் பார்த்தவர்கள், எது எங்கே கடிக்கும் என்று சொல்லுங்கள்.

சுக்கான்:

நான் தயங்காமல் குபர்நெட்டிஸ் என்பேன். நீங்களே கிளஸ்டரை (ஒன்றாக இயங்கும் கணினிக் கூட்டத்தை) நிறுவ வேண்டாம், கிளவுட் நிறுவனம் நடத்தித் தருவதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

2014 ஜூனில் கூகுள் இதைத் திறந்த மூலமாக வெளியிட்டது, 2015 ஜூலையில் 1.0 வந்தது. அன்றிலிருந்து இதைச் சுற்றி வளர்ந்திருப்பவை ஏராளம். சான்றிதழ் புதுப்பிக்க ஒன்று, ரகசியங்களை இழுத்துவர ஒன்று, கிட்டில் (நிரல் களஞ்சியத்தில்) உள்ளதைக் கிளஸ்டரோடு ஒத்திசைக்க ஆர்கோ சிடி அல்லது ஃபிளக்ஸ். உங்கள் வலைச் செயலி ஒரு டிப்ளாய்மென்ட் (தொடர்ந்து ஓட வேண்டியது), பின்னணி வேலைகளைச் செய்யும் வொர்க்கர் இன்னொரு டிப்ளாய்மென்ட், இரவு அறிக்கை ஒரு கிரான்ஜாப் (குறித்த நேரத்தில் ஓடுவது). மூன்றும் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தும்.

'இந்த நிலையில் இருக்க வேண்டும்' என்று எழுதி வைக்கிறீர்கள். உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சுழல்கள் அந்த நிலையை நோக்கி ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு கணினி செத்தால் அதில் இருந்தவை வேறு கணினியில் எழும். இந்தச் சிந்தனை ஒருமுறை பிடிபட்டுவிட்டால் எந்தக் கிளவுட்டுக்குப் போனாலும் உதவும்.

இரவுக்காவல்:

சுக்கான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. இருந்தாலும் மூன்று பேர் குழுவுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

குபர்நெட்டிஸ் வருடத்துக்கு மூன்று பதிப்புகள் வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆதரவு ஏறக்குறைய 14 மாதம். கட்டுப்பாட்டுத் தளத்தைக் கிளவுட் நிறுவனம் உயர்த்தித் தரும், சரி. அதன்மேல் நீங்கள் நிறுவிய ஒவ்வொன்றும் புதிய பதிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. 1.22இல் பழைய இங்கிரஸ் (வெளிக் கோரிக்கைகளைக் கிளஸ்டருக்குள் அனுப்பும் விதிகள்) ஏபிஐ நீக்கப்பட்டது. 1.24இல் டாக்கரோடு இணைக்கும் பாலமான டாக்கர்ஷிம் போனது. 1.25இல் பாட் செக்யூரிட்டி பாலிசி போனது. மிகப் பலர் நம்பியிருந்த இங்கிரஸ் என்ஜினெக்ஸ் 2026 மார்ச்சுக்குப் பிறகு பராமரிக்கப்படாது என்று 2025 நவம்பரில் அறிவித்து, கேட்வே ஏபிஐக்கு மாறச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருந்தது. ஆனால் உட்கார்ந்து மாற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே.

நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் நாங்கள் ஆறு பேர். கிளஸ்டர் நன்றாகத்தான் ஓடியது. அதை நன்றாக ஓட வைப்பதற்கே ஒன்றரை ஆள் போனார்கள். யாரும் திட்டமிட்டு அவர்களை அங்கே நிறுத்தவில்லை. அமைப்புகளை எழுதும் யாமல் கோப்புகள் யாருக்குப் புரிந்தனவோ அவர்கள் தலையில் அந்த வேலை விழுந்தது. அந்த ஒருவர் விலகிய பிறகு, எட்டு மாதம் யாரும் பதிப்பை உயர்த்தவே துணியவில்லை.

ஓடம், உங்கள் பதிவில் எனக்குப் பட்ட முக்கியமான வரி மற்ற இருவரிடம் சாவி இல்லை என்பதுதான். நீங்கள் இல்லாத நாளில் மற்ற இருவரும் எந்தக் கருவியைக் கையாள முடியும் என்று பாருங்கள். கருவியைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் அது ஒன்றுதான்.

தறி:

நடுவழி ஒன்று இருக்கிறது. கிளஸ்டரைக் கண்ணில் காட்டாமல், இமேஜைக் (கன்டெய்னரை எழுப்பும் அச்சு) கொடுத்தால் ஓட்டித் தரும் சேவைகள்.

கூகுளின் கிளவுட் ரன் இவற்றில் மிக எளிது. 2019 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. உங்கள் கன்டெய்னர் போர்ட் என்ற சூழல் மாறியில் சொல்லப்படும் எண்ணில் காது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கோரிக்கை வராதபோது பூஜ்யத்துக்கு இறங்கும். ஒவ்வொரு ஏற்றமும் ஒரு ரிவிஷனாக நிற்பதால், டிராஃபிக்கில் நூற்றுக்கு ஐந்து பங்கை மட்டும் புதியதற்கு அனுப்பிப் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் திருப்பிவிடலாம்.

ஆனால் உங்கள் செலரியை அப்படியே அங்கே தூக்கி வைக்காதீர்கள். இயல்பான அமைப்பில், கோரிக்கையைக் கையாளும் நேரத்தில் மட்டுமே கன்டெய்னருக்கு முழு சிபியு கிடைக்கும். கோரிக்கை முடிந்ததும் சிபியு ஏறக்குறைய நிறுத்தப்படும். பின்னணியில் ஒரு த்ரெட் வேலை செய்துகொண்டிருந்தால் அது பாதியில் உறைந்து நிற்கும், பிழைச் செய்தியும் வராது. சிபியுவை எப்போதும் கொடு என்று அமைப்பில் மாற்றலாம், குறைந்தது ஓர் இன்ஸ்டன்ஸ் எப்போதும் இருக்கட்டும் என்றும் சொல்லலாம். அப்படியெல்லாம் செய்தால் அது எதற்காக வடிவமைக்கப்பட்டதோ அதற்கு எதிராக நீந்துகிறீர்கள் என்று பொருள். இரவு அறிக்கை மட்டும் கிளவுட் ரன் ஜாப்ஸில் அழகாக உட்காரும். ஒரு கோரிக்கைக்குக் கெடு இயல்பாக 5 நிமிடம், அதிகபட்சம் 60.

அமேசானின் இசிஎஸ் இவ்வளவு இனிமையாக இருக்காது. டாஸ்க் டெஃபனிஷன் (எதை எப்படி ஓட்டுவது என்ற விவரம்), சர்வீஸ், டார்கெட் குரூப், இரண்டு விதமான ஐஏஎம் ரோல் என்று முதல் வாரம் தலை சுற்றும். அதற்கப்புறம் அது பேசாமல் ஓடும். சர்வரை அமேசானே பார்த்துக்கொள்ளும் ஃபார்கேட்டில் வைத்தால் இயங்குதளத்தைத் திருத்தும் வேலையும் இல்லை. வொர்க்கர் என்பது லோடு பேலன்சர் (கோரிக்கைகளைப் பிரித்து அனுப்புவது) இல்லாத இன்னொரு சர்வீஸ், அவ்வளவுதான். ஒவ்வொரு டாஸ்க் டெஃபனிஷனுக்கும் எண் உண்டு. பழையதற்குத் திரும்ப வேண்டுமானால் முந்தைய எண்ணைச் சொன்னால் போதும். சர்க்யூட் பிரேக்கரை ரோல்பேக்கோடு இயக்கி வைத்தால், புதிய பதிப்பு எழ முடியாமல் சில முறை விழுந்ததும் அதுவே பழையதற்குத் திரும்பிவிடும்.

ஃபார்கேட்டின் ஒரு குணம் தெரிந்திருக்க வேண்டும். அது இமேஜைச் சேமித்து வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு டாஸ்க்கும் (ஓடும் ஒரு நகல்) எழும்போது முழு இமேஜையும் இமேஜ் கிடங்கான ரெஜிஸ்ட்ரியிலிருந்து புதிதாக இழுக்கும். கனமான இமேஜ் என்றால் கூட்டம் வரும் நேரத்தில் புதிய டாஸ்க் எழுவதற்குள் கூட்டம் போய்விடும்.

பனித்துளி:

மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் கன்டெய்னர் ஆப்ஸையும் பாருங்கள். அடியில் குபர்நெட்டிஸ்தான், ஆனால் அது நம் கண்ணில் படாது. தேவைக்கேற்பப் பெருக்கும் கேடா என்ற கருவி உள்ளே இருப்பதால் க்யூவின் (காத்திருக்கும் வேலைகளின் வரிசை) நீளத்தை வைத்தே வொர்க்கரைப் பெருக்கவும் பூஜ்யமாக்கவும் முடிகிறது. செலரி போன்ற அமைப்புக்கு இது உண்மையிலேயே வசதி.

ஃப்ளையும் நல்ல சேவைதான். இமேஜைக் கன்டெய்னராக ஓட்டாமல் ஃபயர்கிராக்கர் என்ற சிறு மெய்நிகர் கணினியாக மாற்றி ஓட்டுகிறது. எழுவது வேகம், பயனருக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். ஆனால் அதன் வால்யூம் (தரவைச் சேமிக்கும் இடம்) ஒவ்வொன்றும் ஒரே ஒரு பௌதீகக் கணினியோடு கட்டப்பட்டது. அந்தக் கணினி போனால் வால்யூமும் போகும் என்று எண்ணித்தான் டேட்டாபேஸை வைக்க வேண்டும்.

நூலேணி:

இதுவரை யாரும் கமாலைப் பற்றிப் பேசவில்லை. நான் இரண்டு வருடமாக அதில்தான் இருக்கிறேன், ஓடத்தின் நிலைமைக்கு மிக அருகில் இருப்பதும் அதுதான்.

கமால் ஒரு கட்டளைக் கருவி. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) வழியாக உங்கள் சர்வருக்குள் போகும், புதிய இமேஜை இழுக்கும், பழைய கன்டெய்னருக்குப் பக்கத்திலேயே புதியதை எழுப்பும், ஹெல்த் செக் (நலமா என்று கேட்கும் சோதனை) பதில் சொன்ன பிறகு டிராஃபிக்கைத் திருப்பும், அப்புறம் பழையதை நிறுத்தும். முதல் பதிப்பில் இதற்கு டிராஃபிக் என்ற வேறொரு ப்ராக்ஸியை (கோரிக்கைகளை இடையில் வாங்கி அனுப்பும் கருவி) பயன்படுத்தினார்கள் (போக்குவரத்து என்ற பொருளில் அல்ல, அந்தக் கருவியின் பெயரே அதுதான்). 2024இல் வந்த கமால் 2இல் தங்களுக்கென்றே எழுதிய கமால் ப்ராக்ஸி வந்தது. ரூபி மொழியின் வலைச் சட்டகமான ரெயில்ஸ் 8 அதைத் தன்னோடு சேர்த்தே தருகிறது. அதற்காக ரெயில்ஸுக்கு மட்டுமானது என்று நினைத்துவிடாதீர்கள். டாக்கர்ஃபைல் (இமேஜைக் கட்டும் குறிப்பு) இருந்தால் எந்தச் செயலியும் ஓடும்.

எனக்கு அதில் பிடித்தது, ஏதாவது தப்பாகப் போனால் நான் போய்ப் பார்க்கும் இடம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த இடம். சர்வருக்குள் போய், ஓடும் கன்டெய்னர்களைப் பட்டியலிடும் டாக்கர் பிஎஸ் அடித்தால் எல்லாம் கண்முன் நிற்கும். நடுவில் எதுவும் ஒளிந்துகொள்வதில்லை.

அதில் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். சர்வர் செத்தால் அதில் இருந்த கன்டெய்னரை வேறு சர்வரில் எழுப்ப கமாலுக்குத் தெரியாது. நீங்கள் கட்டளை கொடுக்கும்போது மட்டுமே அது இருக்கிறது, மற்ற நேரத்தில் இல்லை. இயங்குதளத் திருத்தங்கள், டேட்டாபேஸ் நகலெடுப்பு எல்லாம் உங்கள் கையில். போஸ்ட்கிரெஸை அதோடு துணைக் கன்டெய்னராக ஓட்ட வழி உண்டு, நான் அப்படிச் செய்வதில்லை. நீங்களும் வேண்டாம்.

ஓடம்:

எல்லோருக்கும் நன்றி. ஒரே கிளவுட்டில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் எனக்கு உண்டு. குபர்நெட்டிஸ் என்றால் அந்தப் பயம் இல்லை என்கிறார்களே? அப்புறம், கம்போஸ் கோப்பையே வைத்துக்கொண்டு, டாக்கரோடு வரும் கிளஸ்டர் வசதியான ஸ்வார்முக்கு மாறினால் என்ன?

பனித்துளி:

கன்டெய்னர் மாட்டிவிடாது. 2015இல் கன்டெய்னர் தரங்களுக்கான ஓசிஐ அமைப்பு உருவான பிறகு இமேஜின் வடிவம் பொதுத் தரமாகிவிட்டது. ஒரே இமேஜ் இங்கே பேசிய எல்லா இடத்திலும் ஓடும். மாட்டிவிடுவது அதைச் சுற்றியிருப்பவை: யாருக்கு என்ன உரிமை என்ற ஐஏஎம் விதிகள், ரகசியக் கிடங்கு, க்யூ, லாக் போய்ச் சேரும் இடம், உள் வலையமைப்பு. குபர்நெட்டிஸில் இருந்தாலும் இவை எல்லாம் அந்தந்தக் கிளவுட்டின் பாணியில்தான் இருக்கும். நான் ஒரு கிளஸ்டரை ஒரு கிளவுட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருக்கிறேன். யாமல் கோப்புகள் மூன்று நாளில் தயார். சுற்றியிருந்தவற்றுக்கு ஏழு வாரம் ஆனது.

செயலிகளை ஓட்டித் தரும் ஹெரோக்கு தன் இலவசத் திட்டத்தை 2022 நவம்பர் 28 முதல் நிறுத்தியபோது நான் ஒன்றைக் கவனித்தேன். என் திட்டங்களில் டாக்கர்ஃபைல் இருந்தவை ஒரே மாலையில் இடம் மாறின. ஹெரோக்கு தானாகக் கட்டித் தரும் பில்ட்பேக்கையும் துணைச் சேவைகளையும் நம்பியிருந்தவை இழுத்துக்கொண்டே போயின. அமைப்புகளைச் சூழல் மாறிகளில் வையுங்கள், லாக்கை வெளியீட்டிலேயே எழுதுங்கள், கோப்புகளைக் கன்டெய்னருக்குள் சேமிக்காதீர்கள். மாறுவதற்கான சுதந்திரம் அங்கேதான் இருக்கிறது.

தறி:

ஸ்வார்ம் 2016இலேயே டாக்கர் 1.12ஓடு உள்ளே வந்துவிட்டது, இன்றும் இருக்கிறது. கம்போஸ் கோப்பு ஏறக்குறைய அப்படியே செல்லும். புதியதை முதலில் எழுப்பிவிட்டுப் பழையதை நிறுத்து என்றும் சொல்லலாம். ஆனால் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். சிக்கல் வந்து தேடினால் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் பழசு. ஹாஷிகார்ப்பின் நோமாடும் இதே வேலைக்கான அருமையான கருவி, ஒரே ஒரு பைனரி. 2023 ஆகஸ்டில் அதன் உரிமத்தை, முழுத் திறந்த மூலம் அல்லாத பிஎஸ்எல்லுக்கு மாற்றிவிட்டார்கள். உங்கள் நிறுவனத்துக்கு அது ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு இரண்டையுமே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரவுக்காவல்:

ஓடம், ஒரு கேள்வி. டாக்கர் கம்போஸில் உங்கள் வலைக் கன்டெய்னரை நிறுத்தச் சொன்னால் எவ்வளவு நேரம் ஆகிறது? ஒவ்வொரு முறையும் சரியாக 10 வினாடி என்றால், எந்தக் கருவிக்கு மாறினாலும் அந்த நோய் உங்களோடு வரும்.

நிறுத்தச் சொன்னதும் டாக்கர் முதலில் சிக்டெர்ம் ('முடித்துக்கொள்' என்ற சமிக்ஞை) அனுப்புகிறது. 10 வினாடி காத்திருக்கிறது. அதற்குள் நிற்காவிட்டால் சிக்கில் அனுப்பி வெட்டிவிடுகிறது. டாக்கர்ஃபைலில் கட்டளையைப் பட்டியலாக எழுதாமல் ஒரே சரமாக எழுதினால், ஒரு ஷெல் முதல் புராசஸாக உட்கார்ந்துகொள்ளும். அந்த ஷெல் சிக்டெர்மை உங்கள் செயலிக்குக் கடத்தாது. செயலிக்குச் செய்தியே போகவில்லை, பாவம் அது எப்படி நிற்கும்? தொடக்க ஸ்கிரிப்ட் வைத்திருந்தால் அதன் கடைசி வரியில் எக்செக் (ஷெல்லின் இடத்தில் செயலியையே வைக்கும் கட்டளை) போட்டு அழைக்க வேண்டும்.

எல்லாச் சேவையும் இதே விளையாட்டைத்தான் ஆடுகின்றன, அவகாசம் மட்டும் வேறு. கிளவுட் ரன் 10 வினாடி தருகிறது. குபர்நெட்டிஸ் இயல்பாக 30. ஃபார்கேட் இயல்பாக 30, நீட்டினால் 120 வரை. இந்த அவகாசத்துக்குள் கையில் இருக்கும் கோரிக்கையை முடித்து, டேட்டாபேஸ் இணைப்பை மூடி, மரியாதையாக வெளியேறும் செயலி எங்கே போனாலும் பிழைக்கும். அப்படி இல்லாதது, எவ்வளவு பெரிய கிளஸ்டரில் வைத்தாலும், ஏற்றும் ஒவ்வொரு முறையும் சில பயனர்களுக்குப் பிழைப் பக்கத்தைக் காட்டும்.

இரண்டாவது, ஹெல்த் செக். அதில் டேட்டாபேஸைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. டேட்டாபேஸ் ஒரு நிமிடம் தடுமாறினால் எல்லாக் கன்டெய்னரும் ஒரே நேரத்தில் 'நலமில்லை' என்று சொல்லும், எல்லாம் ஒன்றாக வெட்டப்படும். எல்லாம் ஒன்றாக எழுந்து, ஏற்கெனவே தள்ளாடும் டேட்டாபேஸின் மேல் ஒன்றாகப் பாயும். உயிரோடு இருக்கிறாயா என்ற கேள்வியும், வேலைக்குத் தயாரா என்ற கேள்வியும் வேறு வேறு. குபர்நெட்டிஸ் அவற்றை லைவ்னெஸ், ரெடினெஸ் என்று பிரித்து வைத்திருப்பது எனக்கு அதில் மிகப் பிடித்த விஷயம்.

மூன்றாவது, மைக்ரேஷன், அதாவது டேட்டாபேஸின் அமைப்பை மாற்றுவது. பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சில நிமிடம் சேர்ந்து ஓடும். தளம் நிற்கக்கூடாது என்றால் இதைத் தவிர்க்க முடியாது. அந்த நேரத்தில் அட்டவணையின் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினால் பழையது உடையும். முதலில் புதிய நெடுவரிசையைச் சேர்த்து, இரண்டிலும் எழுதி, தரவை நகர்த்தி, வேறொரு நாள் பழையதை நீக்குங்கள். இமேஜைப் பின்னுக்கு இழுக்கலாம், நீக்கிய நெடுவரிசையைப் பின்னுக்கு இழுக்க முடியாது.

சுக்கான்:

இரவுக்காவல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குபர்நெட்டிஸிலேயே, ஒரு பாட் (கன்டெய்னர்களை ஓட்டும் மிகச் சிறிய அலகு) நிறுத்தப்படும்போது சிக்டெர்ம் அனுப்புவதும், டிராஃபிக் பட்டியலிலிருந்து அதன் முகவரியை நீக்குவதும் பக்கம் பக்கமாக நடக்கின்றன, ஒன்றன்பின் ஒன்றாக அல்ல. செயலி உடனே நின்றுவிட்டால் வந்துகொண்டிருக்கும் கோரிக்கைகள் மூடிய கதவில் முட்டும். அதனால்தான் பலரும் ப்ரீஸ்டாப்பில் (நிறுத்தும் முன் ஓடும் படி) சில வினாடி காத்திருப்பு வைக்கிறார்கள்.

என் முதல் பதிவை எழுதும்போது பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை மனத்தில் வைத்திருந்தேன். இருபது சேவைகள், தனித்தனிக் குழுக்கள், ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் தனிச் சூழல் என்று வந்தால் குபர்நெட்டிஸுக்கு நிகர் இல்லை, இதில் என் கருத்து மாறவில்லை. இரண்டு புராசஸும் ஓர் இரவு வேலையும் என்றால் இசிஎஸ் அல்லது கமால் போதும்.

நூலேணி:

அந்த டிஸ்க் பிரச்சினைக்கு இன்றே ஒரு மருந்து. டாக்கரின் இயல்பான ஜேசன் லாக் கோப்புக்கு அளவு வரம்பு கிடையாது, வளர்ந்துகொண்டே போகும். கம்போஸ் கோப்பில் லாக்கிங் பகுதியில் அதிகபட்ச அளவையும் கோப்புகளின் எண்ணிக்கையையும் குறிப்பிடுங்கள். கன்டெய்னரை மறுபடி உருவாக்கினால்தான் அது செல்லுபடியாகும். இன்னொன்று, மடிக்கணினி ஆர்ம் வகையாகவும் சர்வர் இன்டெல் வகையாகவும் இருந்தால் இமேஜை பைப்லைனில் (தானாகக் கட்டி ஏற்றும் தொடர்) கட்டுங்கள். 'எக்செக் ஃபார்மட் எரர்' என்று ஒற்றை வரியைக் காட்டிவிட்டு விழுந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

ஓடம் (ஐந்து வாரம் கழித்து):

சரியாக 10 வினாடிதான் ஆனது. ஸ்கிரிப்ட்டில் எக்செக் இல்லை. சேர்த்ததும் இரண்டு வினாடிக்குள் நிற்கிறது. லாக் வரம்பும் வைத்தாகிவிட்டது.

அப்புறம் மூவரும் உட்கார்ந்து ஒரு சோதனை வகுத்தோம். கமால், இசிஎஸ் இரண்டிலும் எங்கள் செயலியின் நகலை ஏற்றினோம். டேட்டாபேஸை இரண்டுக்கும் வெளியே, நிர்வகித்துத் தரும் சேவையில் வைத்தோம். பிறகு நான் ஒதுங்கிக்கொண்டேன், மற்ற இருவரும் நான்கு காரியங்கள் செய்ய வேண்டும். எழவே முடியாத ஓர் இமேஜை ஏற்றுவது, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியை அல்லது டாஸ்க்கைச் சாகடிப்பது, ஒரு கடவுச்சொல்லை மாற்றுவது, முந்தைய பதிப்புக்குத் திரும்புவது.

உடைந்த இமேஜை இரண்டும் தடுத்தன, பயனர் பக்கம் எதுவும் தெரியவில்லை. கடவுச்சொல் மாற்றமும் பின்வாங்கலும் கமாலில் எளிது, இசிஎஸ்ஸில் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. கணினியைச் சாகடித்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. கமாலுக்கு இரண்டு சர்வர் வைத்திருந்தோம், வலைப்பகுதி மற்ற சர்வரில் தொடர்ந்து ஓடியது. ஆனால் வொர்க்கர் இருந்த சர்வரை நிறுத்திவிட்டதால் க்யூ நிரம்பிக்கொண்டே போனது, யாராவது வந்து கட்டளை கொடுக்கும் வரை அது எழவில்லை. இசிஎஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் புதிய டாஸ்க் தானாக எழுந்தது. இரவில் எழுந்து பார்க்க எங்களிடம் ஆள் இல்லை. அதனால் இசிஎஸ், ஃபார்கேட்.

சிரமங்களும் இருந்தன. எங்கள் இமேஜ் 1.7 ஜிபி இருந்தது, டாஸ்க் எழுவதற்கு நிமிடக்கணக்கில் ஆனது. பல கட்டமாகக் கட்டி, கம்பைலர்களை வெளியே விட்டு, 300 எம்பிக்குக் கொண்டுவந்தோம். ஜாங்கோ தயாராவதற்குள் லோடு பேலன்சர் அதை நோயாளி என்று முடிவுகட்டி, எழுவதும் விழுவதுமாக ஒரு மாலை முழுக்கப் போனது. ஹெல்த் செக் சலுகை நேரத்தை உயர்த்தியதும் சரியானது.

பெரிய வேலை இரவு அறிக்கைதான். அது செலரியில் ஆறு நிமிடம் ஓடும். சிக்டெர்ம் வந்தால் செலரி கையில் உள்ளதை முடித்துவிட்டு நிற்கப் பார்க்கும், ஆனால் இங்கே 120 வினாடிக்குமேல் அவகாசம் இல்லை. அதனால் அறிக்கையைச் சிறு துண்டுகளாக உடைத்தோம். வேலை முடிந்த பிறகே ஒப்புகை தரும்படி மாற்றினோம். ஒரே துண்டு இரண்டு முறை ஓடினாலும் விடை மாறாதபடி எழுதினோம். ரெடிஸை இடைத்தரகராக வைத்தால், வெட்டுப்பட்ட வேலை மறுபடி க்யூவுக்கு வர இயல்பாக ஒரு மணி நேரம் ஆகும் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தோம். எங்கள் துண்டுகள் சிறியவை என்பதால் அதைப் பத்து நிமிடமாகக் குறைத்திருக்கிறோம்.

நூலேணி:

நல்ல சோதனை. வொர்க்கரை நான் இரண்டு சர்வரிலும் ஓட்டுகிறேன், அதனால் எனக்கு அந்த இடி விழவில்லை. ஆனால் உங்கள் முடிவோடு சண்டை இல்லை. மைக்ரேஷனை எங்கே ஓட்டுகிறீர்கள்? தொடக்க ஸ்கிரிப்ட்டில் வைத்திருந்தால் இரண்டு டாஸ்க் ஒரே நேரத்தில் எழும்போது மோதிக்கொள்ளும்.

ஓடம்:

முதலில் அங்கேதான் இருந்தது, எடுத்துவிட்டோம். இப்போது பைப்லைன் புதிய இமேஜை வைத்து மைக்ரேஷனுக்கென்று தனியாக ஒரே ஒரு டாஸ்க்கை ஓட்டுகிறது. அது பிழையின்றி முடிந்தால்தான் சர்வீஸைத் தொடும், இல்லையென்றால் அங்கேயே நின்று மூவருக்கும் செய்தி அனுப்பும். போன வாரம் ஒருமுறை அப்படி நின்றது. நான் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்தபோது அவர்கள் இருவருமே சரிசெய்து ஏற்றியிருந்தார்கள்.